ஒரு சாக்கு நிறையப் பழுதான குழாய்கள்: ஜூஸ் கேனுக்குக் குட்டிக் குழாய் செய்த அனுபவம்

போன மாங்காய் சீசன் முடிந்த கையோடு, கிருஷ்ணகிரியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் மாமா முறைக்காரர் ஒருவர் ஓசூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தார். தோளில் ஒரு அரிசிச் சாக்கு. அதைத் தரையில் கவிழ்த்தார். ஜூஸைக் குளிர்ச்சி குறையாமல் வைக்கும் ஜில் கேன்களில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய்கள், எண்ணிப் பார்த்தால் 43. எல்லாமே வாடிக்கையாளர்கள் திருப்பித் தந்தவை.

"மாப்ள, இதுக்கு ஒரு வழி பண்ணு. சின்னதா, உடையாததா ஒண்ணு வேணும்" என்றார்.

எங்களுடையது சின்ன டூல் ரூம். வண்டிக் கம்பெனிகளுக்குப் போகும் பிளாஸ்டிக் உதிரிப் பாகங்களுக்கு அச்சு செய்வதுதான் பிழைப்பு. குழாயெல்லாம் செய்ததில்லை. ஆனால் மாமாவின் வாடிக்கையாளர்கள் யார் என்று தெரியும். டெல்லியில் இருந்து சென்னைக்கு வரும் 48ஆம் எண் சாலையும் கன்னியாகுமரிக்குப் போகும் 44ஆம் எண் சாலையும் பெங்களூருவில் இருந்து ஒன்றாக வந்து கிருஷ்ணகிரியில்தான் பிரிகின்றன. அந்தச் சாலைகளின் ஓரத்தில் புளியமரம் எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு மேசை, ஒரு குடை, இரண்டு ஜில் கேன். ஒன்றில் மாம்பழ ஜூஸ், இன்னொன்றில் மோர் அல்லது எலுமிச்சை சர்பத். ஏப்ரலில் இருந்து ஜூலை வரை அவர்களுக்கு வருஷ வருமானமே அதுதான்.

சாக்கில் இருந்தது என்ன

முதல் வேலையாகக் குழாய்களைத் தரம் பிரித்தோம். 17 குழாய்கள் கழுத்தில் உடைந்திருந்தன. கேனின் சுவருக்குள் நுழையும் மரைத் தண்டு, வெளியே இருக்கும் உடலோடு சேரும் இடத்தில், முதல் மரையிலேயே சுற்றி வெட்டியது போல உடைப்பு. 14 குழாய்களில் உடைப்பு எதுவும் இல்லை, சொட்டுதான் குறை. 7 குழாய்களில் கைப்பிடி போயிருந்தது. மீதி 5 குழாய்களில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், நன்றாக வந்தது, நன்றாக நின்றது. அந்த ஐந்தையும் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். அவை ஏன் திரும்பி வந்தன என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

கழுத்து உடைந்ததற்குக் காரணம் சொல்வது சுலபம் என்று நினைத்தோம். பழைய குழாய் கேனுக்கு வெளியே 72 மி.மீ. நீண்டிருந்தது. கேனை டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு போகும்போது எங்காவது இடிக்கும், நீளம் அதிகம் என்பதால் கழுத்தில் விழும் நெம்புதலும் அதிகம், உடைகிறது. நீளத்தைப் பாதியாக்கினால் நெம்புதலும் பாதி. வேலை முடிந்தது. இந்த நினைப்பில்தான் முதல் படத்தையே வரைந்தோம்.

அப்புறம் காவேரிப்பட்டணம் பக்கம் கடை போடும் ஒரு அக்காவைப் பார்க்கப் போனேன். 17இல் மூன்று அவருடையவை. "எங்கயாவது இடிச்சுதா?" என்று கேட்டேன்.

"இடிக்கல தம்பி. காலைல முறுக்குனேன், பட்டுனு வந்துடுச்சு."

ஏன் முறுக்கினார்? சொட்டியதால். நட்டு கேனுக்கு உள்ளே இருக்கிறது, அங்கே கை போகாது. அதனால் வெளியே குழாயின் உடலையே பிடித்துத் திருகி இறுக்குகிறார். ஆனால் சொட்டு வருவது நட்டு வழியாக இல்லை, குழாயின் வாய் வழியாக. எவ்வளவு முறுக்கினாலும் அது நிற்கப் போவதில்லை. நாளைக்கு ஒரு முறுக்கு என்று கழுத்தில் சுமை ஏறி, ஒரு நாள் கையோடு வந்துவிடுகிறது.

ஊருக்குத் திரும்பி 17 உடைப்புகளையும் லென்ஸில் பார்த்தேன். பன்னிரண்டில் முறுக்கிய தடம் தெளிவாகத் தெரிந்தது. உடைந்த முகம் தட்டையாக இல்லாமல் சுருள்படி போல ஏறியிருந்தது. ஆக, நாங்கள் இரண்டு நோய் என்று நினைத்தது ஒரே நோய். சொட்டை நிறுத்தினால் முக்கால்வாசிக் கழுத்து தப்பும்.

சொட்டு சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு மணி நேரத்தில் 90 மி.லி., பத்து மணி நேரத்தில் 900 மி.லி. நாலரை தம்ளர் ஜூஸ் மேசையில் போகிறது. அதைவிடக் கொடுமை, கீழே சேரும் சர்க்கரைத் தண்ணீருக்கு வரும் ஈ. ஈயைப் பார்த்த வண்டி நிற்பதில்லை.

நார்

பழைய குழாயின் உள்ளமைப்பு எளிமையானது. கைப்பிடியை அழுத்தினால் ஒரு தண்டு மேலே எழும். தண்டின் அடியில் சிலிக்கான் ரப்பரில் ஒரு குட்டிக் கிண்ணம். அது உட்காரும் வட்டமான விளிம்புக்கு சீட் என்று பெயர். கிண்ணம் சீட்டில் உட்கார்ந்தால் அடைப்பு, எழுந்தால் திறப்பு. உலகம் முழுக்க காபி கேன்களிலும் தண்ணீர் கேன்களிலும் இதுதான் இருக்கிறது. தண்ணீருக்கும் வடிகட்டிய காபிக்கும் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜூஸில் நார் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் கூழாலைக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாம்பழம். ஆனால் சாலையோரத்தில் கையால் பிழிபவர்கள் அன்றைக்கு எது மலிவோ அதைப் போடுவார்கள், நாட்டுப் பழமும் சேரும். ஒரே ஒரு நார் கிண்ணத்துக்கும் சீட்டுக்கும் இடையில் படுத்துவிட்டால் போதும். தலைமுடி அளவு இடைவெளியில் நாள் முழுக்கச் சொட்டும். மோரில் கறிவேப்பிலைத் துணுக்கும் இதே வேலையைச் செய்யும்.

அப்படியானால் தினமும் கழற்றிக் கழுவினால் தீர்ந்தது அல்லவா? அந்த அக்காவிடம் இதையும் கேட்டேன். பழைய குழாயின் மூடி மரை போட்டது. சர்க்கரைத் தண்ணீர் மரையில் காய்ந்து பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். பிளையர் இல்லாமல் வராது. "ராத்திரி பத்து மணிக்கு வந்து, சோறாக்கிட்டு, பிளையரத் தேடிக்கிட்டா இருப்பாங்க?" என்றார். வெந்நீரை ஊற்றி நாலு முறை திறந்து மூடுவதோடு சரி.

அங்கேதான் வேலையின் திசை மாறியது. சின்னக் குழாய் என்று ஆரம்பித்தது, கையால் கழற்றிக் கால் நிமிஷத்தில் கழுவக்கூடிய குழாய் என்றானது. சிறியதாக இருப்பது அதோடு கூட வரட்டும்.

தள்ளிவிட்ட யோசனைகள்

பட்டறையில் ஆளுக்கொரு யோசனை. பித்தளையில் கடைந்துவிடலாம் என்றார் லேத்காரர். உடையாது, உண்மைதான். ஆனால் மோரும் எலுமிச்சையும் புளிப்பு. பித்தளையில் புளிப்பு நின்றால் களிம்பு ஏறும் என்பதும், அதற்காகத்தான் அண்டாவுக்கு ஈயம் பூசினார்கள் என்பதும் நம் பாட்டிகளுக்கே தெரியும். குழாயின் உள்ளே யார் ஈயம் பூசுவது?

இன்னொரு யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சீட்டும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம், ஒரு சிலிக்கான் டியூபை வெளியே விட்டு அதை ஒரு நெம்புகோல் நசுக்கிப் பிடிக்கட்டும். விட்டால் ஓடும், நசுக்கினால் நிற்கும். சில பால் இயந்திரங்களில் இப்படி இருக்கிறது. நார் இருந்தாலும் டியூப் அதைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும், கழுவ வேண்டியது டியூப் மட்டும். செய்து பார்த்தோம், அழகாக வேலை செய்தது. மூன்றாவது வாரம் நெம்புகோல் விளிம்பு டியூபை அறுத்தது. விளிம்பை மழுக்கியிருக்கலாம். நான் பயந்தது வேறொன்றுக்கு. டியூப் தேய்ந்ததும் கடைக்காரர் கையில் கிடைக்கும் ஏதாவது ஒரு டியூபை மாட்டுவார், சைக்கிள் கடை வால்வு டியூப் உட்பட. குடிக்கிற பொருள் அதன் வழியே போகும். அந்த யோசனையை அன்றே மூட்டை கட்டினேன்.

கிண்ணமும் சீட்டும்தான் என்று திரும்பி வந்தோம். ஆனால் சீட்டை இடம் மாற்றினோம்.

சீட்டைச் சுவரோரம் தள்ளியது

பழைய குழாயில் கேனின் சுவரைத் தாண்டி வெளியே ஒரு அறை, அந்த அறையின் தரையில் சீட், அதன் கீழே மூக்கு. குழாய் மூடியிருக்கும்போது தண்டும் அறையும் நிறைய ஜூஸ் நிற்கும். அளந்தோம், 14 மி.லி. கேனுக்குச் சுவரில் தெர்மாக்கோல் இருக்கிறது, இந்த 14 மி.லிக்கு எதுவும் இல்லை. மே மாத வெயிலில் அது சூடேறி, ஒவ்வொரு தம்ளரின் முதல் வாயாகப் போகிறது. முதலில் புளிக்க ஆரம்பிப்பதும் அதுதான்.

நாங்கள் சீட்டைத் தண்டின் வாயிலேயே, சுவரில் இருந்து 6 மி.மீ. தள்ளி, 45 டிகிரி சாய்வாக வைத்தோம். கிண்ணம் சாய்வாக மேலிருந்து வந்து உட்காரும். வெளி அறையே இல்லை என்றானது. வெளியே நிற்கும் திரவம் 3 மி.லிக்கும் குறைவு. கேனில் இருந்து நீண்டிருப்பது 38 மி.மீ. குழாயைச் சுருக்க வேண்டும் என்று உட்கார்ந்து சுருக்கவில்லை, வேண்டாத அறையை எடுத்ததில் தானாகச் சுருங்கியது.

துளை 10 மி.மீ. கிண்ணம் எவ்வளவு எழ வேண்டும் என்பதற்கு ஒரு சுலபமான வாய்ப்பாடு உண்டு. துளையின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு எழுந்தாலே சுற்றுவழியின் பரப்பும் துளையின் பரப்பும் சமமாகிவிடும். எங்களுக்கு 2.5 மி.மீ. போதும், நாருக்காக 4 மி.மீ. வைத்தோம். ஓட்டம் கேனில் உள்ள உயரத்தைப் பொறுத்தது. 30 செ.மீ. உயரம் நிறைந்த கேனில் நீர் விநாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் வரப் பார்க்கும், 5 செ.மீ. ஆகிவிட்டால் 1 மீட்டர்தான். வளைவு, குறுக்கம் என்று பாதியைக் கழித்தால் 200 மி.லி. தம்ளர் நிறைந்த கேனில் இரண்டு விநாடியிலும், காலியாகும் தறுவாயில் ஐந்து விநாடியிலும் நிரம்ப வேண்டும். தண்ணீரில் அளந்தபோது ஏறக்குறைய அப்படியே வந்தது. ஜூஸ் கொஞ்சம் சோம்பேறி.

கைப்பிடி விஷயத்தில் கடையில் நின்று பார்த்ததுதான் உதவியது. அக்காவின் இடது கையில் தம்ளர். வலது கையில் சில்லறை. குழாயை அழுத்துவது மடக்கிய விரலின் மொட்டியால். ஆக, மேலிருந்து கீழே அழுத்தும் அகலமான கைப்பிடி. தம்ளரின் விளிம்பால் பின்னால் தள்ளித் திறக்கும் மாடலும் சந்தையில் உண்டு. வாய் வைக்கிற விளிம்பு நாள் முழுக்க ஒரே பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விட்டதும் மூட வேண்டும், ஆனால் உள்ளே இரும்பு ஸ்பிரிங் வேண்டாம், எலுமிச்சையும் உப்பும் அதைச் சும்மா விடாது. கிண்ணத்துக்கே மணி போலப் பாவாடை வைத்து, அந்த ரப்பரின் மீள்விசையையே ஸ்பிரிங் ஆக்கினோம். அந்தப் பாவாடையே மேல்பக்கக் கசிவையும் அடைக்கிறது.

மூடி கால் சுற்று திருப்பினால் கையோடு வரும். கழுவ வேண்டியவை உடல், கைப்பிடி மூடி, ரப்பர் கிண்ணம் என்று மூன்றே துண்டு. கழுத்தில் கூர்மையான மூலையை எடுத்துவிட்டு 2 மி.மீ. வளைவு கொடுத்தோம், முக்கோண மரைக்குப் பதில் உருண்டை மரை.

பொய்ச் சொட்டும் நிஜச் சொட்டும்

முதல் மாதிரியை த்ரீடி பிரிண்டில் எடுத்தோம். அளவு பார்க்கத்தான், அந்த அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் கசியும். அப்புறம் அலுமினிய அச்சில் பத்துத் துண்டு. கேனில் மாட்டி, கீழே நாளிதழை விரித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் நாளிதழில் ஈர வட்டங்கள்.

இங்கே இரண்டு வாரம் போனது. சில குழாய்கள் மூடிய உடனே சொட்டாது. ஐந்து நிமிஷம் கழித்து, யாராவது மேசையை இடித்தால் சொட்டும். உறிஞ்சுகுழாயின் மேல்வாயை விரலால் அடைத்தால் உள்ளே உள்ள தண்ணீர் விழாது அல்லவா, அதேதான். சீட்டுக்கு அப்புறம் உள்ள மூக்கு 9 மி.மீ. அகலம், 25 மி.மீ. நீளம், மேலே கிண்ணம் மூடிவிட்டது, காற்று நுழைய வழியில்லை. ஒன்றரை மி.லி. உள்ளேயே தொங்கியது. ஒன்றரை மி.லி. என்றால் முப்பது சொட்டு. அதற்குப் பொய்ச் சொட்டு என்று பெயர் வைத்தோம். மூக்கை 14 மி.மீ. ஆக்கி, சீட்டுக்குக் கீழே 2 மி.மீ. காற்றுவழி வெட்டியதும் மூடிய அடுத்த நொடியில் எல்லாம் கொட்டிவிட்டு நின்றது.

மற்ற குழாய்களில் சொட்டு நிஜம். ரப்பரை மாற்றிப் பார்த்தோம், கடினமாக, மிருதுவாக, எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் எங்கள் பட்டறைப் பையன் ஒரு குழாயைக் குறுக்கே அறுத்து, சீட்டின் மேல் நகத்தை ஓட்டிவிட்டு, "அண்ணா, இங்க தடுக்குது" என்றான். லென்ஸில் பார்த்தால் சீட் வட்டத்தைக் குறுக்கே கடந்து ஒரு மெல்லிய கோடு. அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் பிதுங்கிய பிசிர். பிளேடால் சுரண்டியதும் சொட்டு நின்றது. அச்சு செய்கிறவனுக்கு இது அவமானம்தான். வண்டிப் பாகங்களில் பிசிர் மறைவான பக்கம் விழுந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், அந்தப் பழக்கம். அச்சைத் திரும்பச் செய்து, சீட் முழுவதும் ஒரே கம்பியின் முனையில் உருவாகும்படி மாற்றினோம். சேரும் கோடு இப்போது சீட்டைத் தொடவே தொடாது.

உடலுக்கும் மூடிக்கும் பாலிப்ரொப்பிலீன், உணவுக்கு உகந்த தரம் என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 10910 சொல்வது. புது தானா, அதாவது உருக்குவதற்கான பிளாஸ்டிக் குருணை, மட்டும். எங்கள் ஊரில் அரைத்த பழைய தானாவைக் கலப்பது சகஜம், இதில் அதற்கு இடமில்லை என்று மெஷின்காரரிடம் சண்டை போட வேண்டியிருந்தது. பிளாஸ்டிக்கில் இருந்து உணவுக்குள் இறங்கும் பொருளுக்கு 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதியல் விதிகளில் கிலோவுக்கு 60 மி.கி. என்று வரம்பு இருக்கிறது. ஐஎஸ் 9845 முறையில் சோதனைக்குக் கொடுத்து வாங்கிய பிறகுதான் வெளியே விட்டோம்.

கடைக்குப் போனது

இந்த சீசனில் ஆறு குழாய்களை ஆறு கடைகளில் மாட்டினோம். நாற்பது நாளில் கழுத்து ஒன்றும் உடையவில்லை. இரண்டு புகார்.

ஒருவர் கழுவிவிட்டுக் கிண்ணத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார், குழாய் மூடவே இல்லை. தவறு அவருடையது இல்லை, தலைகீழாக மாட்ட முடிந்த எங்களுடையது. கிண்ணத்தின் தலைப்பக்கத்தில் ஒரு குமிழ் வைத்துவிட்டோம், இப்போது ஒரு பக்கம்தான் நுழையும். இன்னொருவர் குழாயைக் கழற்றி டீ கேனில் மாட்டிக் கொதிக்கிற டீயை ஊற்றியிருந்தார். ரப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை, கைப்பிடி வளைந்துவிட்டது. அதற்கு வேறு பிளாஸ்டிக், வேறு குழாய்.

தர்மபுரியில் தண்ணீர்ப் பந்தல் கேனில் மாட்டிய ஒன்றில், மூன்றாவது வாரம் சீட்டைச் சுற்றி வெள்ளையாக உப்பு. போர் தண்ணீர். புளித்தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டார்கள், போய்விட்டது.

கேனின் அடியில் மிஞ்சும் ஜூஸுக்காகவும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். துளை தரையில் இருந்து 14 மி.மீ. உயரத்தில் தொடங்கினால், 28 செ.மீ. அகலக் கேனில் 860 மி.லி. வராமல் நிற்கும். அதைக் குறைக்க நட்டைச் சின்னதாக்க நாலு நாள் மண்டையை உடைத்தேன். எல்லாக் கடையிலும் கேனுக்குப் பின்னால் அரைச் செங்கல் வைத்துச் சாய்த்திருக்கிறார்கள். நட்டைப் பழையபடியே விட்டுவிட்டேன். ஆனால் சாய்த்த நிலையில் மூக்கு முன்னோக்கிக் குனிவதால் தம்ளரின் வெளிப்பக்கம் வழிந்தது, அந்த ஐந்து டிகிரியை மூக்கில் திருத்தினோம்.

ராகிக் கூழ் விற்கும் ஒரு பாட்டி, தன் பானைக்கும் ஒன்று மாட்டித் தரச் சொன்னார். கூழைக் கரைத்து ஊற்றிப் பார்த்தோம். குழாயைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார். சொம்புக்குத் திரும்பிவிட்டார்.

அந்த ஐந்து குழாய்கள்

ஜூன் கடைசியில் பர்கூர் பக்கம் ஒரு கடையில் புதுக் குழாய் அடைத்துக்கொள்கிறது என்று போன் வந்தது. அடைப்பு என்றால் நார்தான் என்று நினைத்துப் போனேன். கால் தம்ளர் கூட நிரம்பவில்லை, ஓட்டம் இழுத்து, குடுகுடுவென்று உள்ளே காற்று வாங்கி, திரும்பக் கொஞ்சம் வந்தது. குழாயைக் கழற்றினால் சுத்தமாக இருக்கிறது. கேன் புதுசு, மூடியில் கெட்டியான ரப்பர் வளையம்.

மூடியைத் தூக்கினேன், கொட்டியது. மூடினேன், நின்றது. கேனில் உள்ளே 1 லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. உயர நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் மூன்று பங்கு. காற்றுப் புகாமல் இறுக்கமாக மூடிய கேனில் 30 மி.லி. வெளியே வந்தாலே உள்ளே காற்று அந்த அளவுக்கு இளைத்து, ஓட்டத்தைப் பிடித்து நிறுத்திவிடும். ஒரு வாய்கூட இல்லை.

பட்டறைக்கு வந்து டப்பாவில் இருந்த ஐந்து பழைய குழாய்களை எடுத்து மாமாவுக்குப் போன் செய்தேன். ஐந்தும் ரப்பர் வளைய மூடி போட்ட கேன் வாங்கியவர்களிடம் இருந்து வந்தவை. மூடியில் 3 மி.மீ. துளை போட்டு, ஈ நுழையாமல் எவர்சில்வர் வலை வைத்த ஒரு குட்டி ரப்பர் குமிழைச் செருகினால் போதும் என்றேன். துளை போட்ட மூடியை யார் வாங்குவார்கள், ஓட்டை மூடி என்பார்கள் என்றார் மாமா. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பர்கூர் கடைக்காரர் அதுவரை காத்திருக்கவில்லை. அடுத்த முறை போனபோது மூடிக்கும் ரப்பர் வளையத்துக்கும் நடுவில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகி வைத்திருந்தார், குழாய் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.